வார்டு, வகுப்பறை, ஆய்வு: குழந்தைகள் நல செவிலியப் பேராசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலை ஏழரை மணி, குழந்தைகள் வார்டு. இரவு டியூட்டி முடித்த சிஸ்டர் கட்டில் கட்டிலாக நின்று பொறுப்பை ஒப்படைத்துக்கொண்டிருக்கிறார். ஆறாவது கட்டிலில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. வயிற்றுப்போக்கு, கடுமையான நீரிழப்பு. இடது கையில் கேனுலா (இரத்தக்குழாய்க்குள் திரவம் ஏற்றும் மெல்லிய குழாய்) போட்டு, கை அசையாமலிருக்கச் சட்டம் வைத்து, முழங்கை வரை பிளாஸ்டர் சுற்றியிருக்கிறார்கள். "இரவு முழுவதும் அழுதுகொண்டே இருந்தாள், பசி என்று நினைத்தேன்" என்கிறார் தாய். என்னோடு நின்ற மூன்றாம் ஆண்டு மாணவி, யாரும் சொல்லாமலே, குழந்தையின் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இடது கை விரல்கள் தடித்து, பளபளத்து, சில்லென்று இருந்தன. பிளாஸ்டரைப் பிரித்தோம். புறங்கை முழுவதும் வீக்கம். ஊசி இரத்தக்குழாயை விட்டு விலகி, பல மணி நேரமாகத் திரவம் தோலுக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

அதுவரை என் வேலையை மூன்று துண்டுகளாகவே பார்த்து வந்தேன். வகுப்பு எடுப்பது ஒரு வேலை, ஆய்வுக் கட்டுரை எழுதுவது இன்னொரு வேலை, வார்டிலும் சமூகத்திலும் சேவை செய்வது மூன்றாவது வேலை. மூன்றுக்கும் தனித்தனியாக நேரம் தேடினால் எந்த மனிதராலும் முடியாது. அந்தப் பிஞ்சுக் கையைப் பார்த்த பிறகுதான், ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் மூன்றும் அதற்குள்ளேயே வந்துவிடும் என்பது எனக்குப் புரிந்தது. விரிவுரையாளராகவும் உதவிப் பேராசிரியராகவும் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கைகளும் தம்பிகளும் இதை முதல் ஆண்டிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

படி 1: இரண்டு வாரம் உங்கள் நேரத்தை எழுதுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு சிறு நோட்டில் அரை மணிக்கு ஒரு முறை குறித்து வையுங்கள். வகுப்பு, வார்டு மேற்பார்வை, பதிவேடு திருத்துவது, கூட்டம், விழா ஏற்பாடு, ஆய்வேடு வழிகாட்டல், போக்குவரத்து என்று எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் திருத்திய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் குழந்தைகள் நல செவிலியம் ஐந்தாவது, ஆறாவது செமஸ்டர்களில் வருகிறது. ஐந்தாவதில் வார்டு பயிற்சி மட்டும் 160 மணி நேரம், ஆறாவதில் 80 மணி நேரம். ஆசிரியர், மாணவர் விகிதம் ஒன்றுக்குப் பத்து என்பது விதி. ஒரு செமஸ்டர் மூச்சு முட்டும், மற்றது சற்று இளகும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். ஆண்டு முழுவதும் எல்லாவற்றையும் ஒரே அளவில் செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள்தான் முதலில் களைத்துப் போகிறார்கள். ஐந்தாவது செமஸ்டர் ஓடும்போது கட்டுரை எழுதத் திட்டமிடாதீர்கள். அப்போது தரவு மட்டும் சேரட்டும், எழுதுவது பிறகு.

இரண்டு வாரம் கழித்து நோட்டைப் பார்க்கும்போது பெரும்பாலும் ஒன்று கண்ணில் படும். நேரத்தைத் தின்பது கற்பித்தலும் அல்ல, ஆய்வும் அல்ல. ஒரே தகவலை நான்கு பதிவேடுகளில் திரும்பத் திரும்ப எழுதும் வேலை. அதைத் துறைத்தலைவரிடம் காட்டுங்கள். "வேலை அதிகம்" என்று சொல்வதைவிட, மணி நேரக் கணக்கோடு சொல்லும்போது காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

படி 2: மூன்று ஆண்டுகளுக்கு ஒரு கேள்வி

இந்த வழிகாட்டியில் எனக்கு மிக முக்கியமான படி இது. நிதானமாகவே சொல்கிறேன்.

நம் நாட்டு செவிலிய ஆய்வேடுகளில் ஒரு வாய்பாடு இருக்கிறது. "தாய்மார்களிடையே இன்ன நோய் பற்றிய அறிவில் திட்டமிட்ட கற்பித்தலின் பலன்" என்ற தலைப்பு. பாடம் நடத்துவதற்கு முன் ஒரு வினாத்தாள், நடத்திய பின் அதே வினாத்தாள். மதிப்பெண் கூடுகிறது. கூடாமல் எப்படி இருக்கும்? அந்த ஆய்வேடு நூலகத்தில் தூங்குகிறது, வார்டில் எதுவும் மாறுவதில்லை. மாணவர்களின் இரண்டு ஆண்டு உழைப்பு இப்படி வீணாவதைப் பார்த்து நான் வருந்தாத ஆண்டு இல்லை.

நல்ல கேள்வி வார்டுக்குள்தான் கிடைக்கும். கங்காரு பராமரிப்பை நினைத்துப் பாருங்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர்கள் போதாமல் குறைமாதக் குழந்தைகள் நெருக்கியடித்துக் கிடந்த வார்டில், எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். அந்த வார்டின் பற்றாக்குறையில் பிறந்த எண்ணம் அது. பல பத்தாண்டுகள் கழித்து, பிறந்தவுடனேயே அதைத் தொடங்கினால் என்ன என்ற கேள்வியோடு இந்தியா உள்பட ஐந்து நாடுகளில் ஆய்வு நடந்தது. எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்ததாக 2021-இல் முடிவு வெளியானது. இன்று அது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

கேள்வியைத் தேர்ந்தெடுக்க நான் மூன்று சோதனைகள் வைத்திருக்கிறேன். முதலாவது, அந்தப் பிரச்சினை உங்கள் வார்டில் வாரத்துக்கு ஒரு முறையாவது வருகிறதா? அரிய நோய்களைப் பெரிய மையங்கள் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, அதை மாற்றும் அதிகாரம் செவிலியர் கையில் இருக்கிறதா? மருந்தை மாற்றுவது மருத்துவர் முடிவு. ஊசி போடும் விதம், தூக்கிப் பிடிக்கும் விதம், பால் கொடுக்கும் நேரம், வலியைக் கவனிப்பது, தாயிடம் பேசுவது எல்லாம் நம் முடிவு. மூன்றாவது, எண்ணிக் கணக்கிட முடியுமா? "அன்பான பராமரிப்பு" உயர்ந்தது, ஆனால் அதை அளக்க முடியாது. ஊசி குத்தியபோது குழந்தை எவ்வளவு நேரம் அழுதது என்பதை அளக்கலாம்.

ஆறாவது கட்டில் குழந்தையிலிருந்து எனக்குக் கிடைத்த கேள்வி எளிமையானது: எங்கள் வார்டில் கேனுலாக்கள் ஏன் பாதியில் கெட்டுப்போகின்றன, கெட்டுப்போவதை நாம் எத்தனை மணி நேரம் கழித்துக் கண்டுபிடிக்கிறோம்?

படி 3: வார்டில் விருந்தாளியாக இருக்காதீர்கள்

கல்லூரி ஆசிரியர்கள் மாணவர்களோடு வந்து, ஒரு ஓரத்தில் நின்று வகுப்பெடுத்துவிட்டுப் போவதை வார்டு சிஸ்டர்கள் நன்றாகக் கவனிக்கிறார்கள். படுக்கை விரிப்பு மாற்றக்கூடக் கை நீட்டாதவர் சொல்லும் யோசனையை யார் கேட்பார்கள்?

வேலூர் சி.எம்.சி. செவிலியர் கல்லூரி 1946-இலேயே பட்டப்படிப்பு தொடங்கிய இடம். அங்கே கற்பித்தலும் மருத்துவமனைச் சேவையும் பிரிக்கப்படாமல் இணைந்தே நடக்கின்றன. பாடம் நடத்துபவருக்கு வார்டிலும் பொறுப்பு உண்டு. எல்லாக் கல்லூரிகளிலும் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. இல்லாத இடத்தில் நாமே சிறிதாகத் தொடங்கலாம். வாரத்தில் ஒரு நாள், அதே நாள், அதே வார்டு. மாணவர்கள் இல்லாவிட்டாலும் போங்கள். காலை ஒப்படைப்பில் நில்லுங்கள். நான்கு மணி நேரம் ஒரு செவிலியர் செய்யும் வேலையைச் செய்யுங்கள்: மருந்து கலக்குவது, நெபுலைசர் வைப்பது, அழும் குழந்தையைத் தூக்கி வைத்திருப்பது.

வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "உங்களுக்கு இங்கே எது பெரிய தொந்தரவாக இருக்கிறது?" என்பது. உங்கள் ஆய்வைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். நான் கேட்டபோது அந்த சிஸ்டர் யோசிக்கவே இல்லை. "ஊசி மாற்றுவதுதான் மேடம். ஒரு குழந்தைக்கு மூன்று பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அம்மா அழுகிறாள், எனக்கும் மனசு கேட்பதில்லை" என்றார். என் கேள்வியும் அவருடைய தொல்லையும் ஒன்றாக இருந்தன. அன்றே ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டோம்: தேதி, வயது, எந்தக் கை, எத்தனை முறை குத்தினோம், எப்போது எடுத்தோம், ஏன் எடுத்தோம், வீக்கத்தை முதலில் பார்த்தது யார். அது பராமரிப்பை மேம்படுத்துவதற்கான வார்டுப் பதிவேடு. அதிலிருந்து ஆய்வு செய்ய வேண்டுமென்றால் அதற்கு வேறு அனுமதி வேண்டும். அது படி 5-இல் வருகிறது.

நோட்டு நிரம்ப நிரம்ப ஒன்று தெளிவானது. வீக்கத்தை முதலில் பார்த்தவர்களில் தாய்மார்கள் நிறையப் பேர். அவர்கள் பார்த்தார்கள், ஆனால் சொல்ல வேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

படி 4: அதே கேள்வியை வகுப்பறைக்குக் கொண்டு வாருங்கள்

பாடம் தயாரிக்க நேரமில்லை என்பவர்கள் பெரும்பாலும் பாடப்புத்தகத்தை ஸ்லைடுகளாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். வார்டில் உங்களுக்கு ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தால் பாடம் தானே வந்து சேரும்.

கேனுலா பராமரிப்புக்கு உலகெங்கும் குழந்தைகள் மருத்துவமனைகளில் சொல்லித்தரும் மூன்று சொற்கள் உண்டு: தொடு, பார், ஒப்பிடு. மணிக்கு ஒரு முறை தொட்டுப் பார்க்க வேண்டும். மென்மையாக, இயல்பான வெதுவெதுப்போடு, வலியில்லாமல் இருக்க வேண்டும். ஊசி நுழையும் இடம் மூடாமல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மற்றக் கையோடு ஒப்பிட வேண்டும். அந்த மூன்றாம் ஆண்டு மாணவி செய்தது மூன்றாவது சொல்லைத்தான். நான் இதை வகுப்பில் சொல்லும்போது மாணவர்களைத் தங்கள் கையையே சட்டம் வைத்துச் சுற்றிக்கொண்டு அரை மணி நேரம் உட்காரச் சொல்வேன். விரல் நுனி மட்டும் வெளியே தெரியும்படி இறுக்கிக் கட்டினால் எப்படி இருக்கும் என்பதை அவர்கள் கையே அவர்களுக்குச் சொல்லும்.

மருந்துக் கணக்கையும் இப்படியே நடத்துகிறேன். எட்டு கிலோ குழந்தை, பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். மொத்தம் 120 மி.கி. இதுவரை எல்லோரும் சரியாகப் போடுவார்கள். பிறகு மேசை மேல் மூன்று பாட்டில்களை வைப்பேன். ஒன்று, 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப். இரண்டாவது, 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப். மூன்றாவது, ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து. முதலாவதில் 4.8 மி.லி., இரண்டாவதில் 2.4 மி.லி., மூன்றாவதில் 1.2 மி.லி. முதல் பாட்டிலின் அளவைச் சொட்டு மருந்தில் எடுத்துவிட்டால் 480 மி.கி., நான்கு மடங்கு. சிரிஞ்சில் இழுத்துக் கண்ணெதிரே காட்டும்போது வகுப்பில் சத்தமே இருக்காது. வீட்டுக்குப் போகும் தாய்க்கும் இதே பாட்டில் பாடத்தை மாணவர்களே நடத்த வேண்டும். அங்கே கற்பித்தல் சேவையாகிவிடுகிறது.

தேர்வுக்கும் இந்த முறை உதவும். 1975-இல் ஸ்காட்லாந்தின் டன்டீயில் ரொனால்டு ஹார்டன் அறிமுகப்படுத்திய நிலைவாரி செய்முறைத் தேர்வில், ஒவ்வொரு மேசையிலும் குறிப்பிட்ட நிமிடங்களில் ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். ஒரு மேசையில் வீங்கிய கை உள்ள பொம்மை, இன்னொன்றில் மூன்று பாட்டில்கள், மற்றொன்றில் கவலையோடு கேள்வி கேட்கும் தாயாக ஒரு சக ஆசிரியை. ஒரு முறை நன்றாகத் தயாரித்து வைத்துவிட்டால் அடுத்த ஆண்டுகளில் சிறு மாற்றங்கள் போதும்.

படி 5: ஆய்வை ஆய்வாகச் செய்யுங்கள்

குழந்தைகளை வைத்துச் செய்யும் ஆய்வில் அவசரத்துக்கு இடமே இல்லை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கையில் வருவதற்கு முன் ஒரு படிவத்தைக்கூட நிரப்பக்கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி பெற்றோரின் ஒப்புதல் மட்டும் போதாது. ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தையிடம் வாய்மொழியாக இசைவு கேட்க வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் பதினெட்டு வரை எழுத்தில் இசைவு வேண்டும்.

இசைவு என்பதை மாணவர்கள் வெறும் கையெழுத்து என்று நினைக்கிறார்கள். ஒன்பது வயதுச் சிறுவனிடம் உட்கார்ந்து, "உனக்கு ஊசி போடும்போது இந்தப் படப்புத்தகத்தைக் காட்டுவோம். வலி குறைகிறதா என்று பார்க்கிறோம். வேண்டாம் என்றால் சொல்லலாம், யாரும் திட்ட மாட்டார்கள்" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவன் வேண்டாம் என்று தலையாட்டினால் அத்தோடு விட்டுவிட வேண்டும். அம்மா கையெழுத்துப் போட்டிருந்தாலும் அப்படித்தான். ஒப்புதல் படிவத்தின் தமிழையும் நீங்களே எழுதுங்கள். மொழிபெயர்த்த படிவங்களில் எந்தத் தாய்க்கும் புரியாத வாக்கியங்களைப் பார்த்திருக்கிறேன். எழுதியதை வார்டில் ஒரு பாட்டியிடம் படித்துக் காட்டி, அவர் திருப்பிச் சொன்னால்தான் அது ஒப்புதல் படிவம்.

சிகிச்சையிலோ பராமரிப்பிலோ ஒன்றைக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு என்றால், முதல் குழந்தையைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில் (CTRI) பதிவு செய்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் நல்ல இதழில் வெளியிட முடியாமல் தவிக்கிறார்கள்.

அளவுகோலையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். பேசத் தெரியாத குழந்தையின் வலிக்கு 1997-இல் வெளியான ஃபிளாக் அளவுகோல் இருக்கிறது: முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பூஜ்யம் முதல் இரண்டு வரை மதிப்பிட்டு, மொத்தம் பத்து. இரண்டு மாதம் முதல் ஏழு வயது வரை பொருந்தும். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஒரே மதிப்பெண் தருகிறார்களா என்று முதலில் பயிற்சி செய்யுங்கள்.

எம்.எஸ்சி. மாணவர்களின் ஆய்வேடுகளைச் சிதற விடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ஒருவருக்குக் கேனுலா எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பது, அடுத்தவருக்கு ஊசி வலியைக் குறைக்கும் வழி, மூன்றாமவருக்குத் தாய்மார்களைக் கண்காணிப்பில் சேர்ப்பது என்று கொடுத்தால், ஒருவர் முடித்த இடத்தில் அடுத்தவர் தொடங்குவார். ஐந்தாவது ஆண்டில் உங்கள் துறையிடம் ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல உண்மையான அறிவு சேர்ந்திருக்கும். அந்தக் கட்டுரைகளில் மாணவர் பெயர் முதலில் வரட்டும்.

"மூன்று நாளில் வெளியிடுகிறோம், இவ்வளவு பணம்" என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களின் பக்கமே போகாதீர்கள். பதவி உயர்வுக்கு எண்ணிக்கை கேட்கிறார்கள் என்ற நெருக்கடி எனக்குத் தெரியும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படி வந்த கட்டுரைகளைக் குவித்தவர்களுக்குப் பாராட்டும், இரண்டு ஆண்டு தரவு சேர்த்தவருக்கு விளக்கம் கேட்கும் கடிதமும் கிடைத்தன. அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்: குழந்தையின் உடலிலிருந்து எடுத்த தகவலை நாலு பேர் சரிபார்க்காமல் அச்சில் ஏற்றுவது தவறு.

படி 6: சமூகச் சேவைக்கு ஒரே இடம்

ஒரு நாள் முகாம், பேனர், புகைப்படம் என்று பத்து ஊர்களில் சுற்றுவதைவிட ஓர் அங்கன்வாடியை ஆண்டு முழுவதும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நடுக்கைச் சுற்றளவை மாதம் ஒரு முறை மாணவர்கள் அளக்கட்டும். 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு; அந்தக் குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவதோடு நில்லாமல், போனதா, என்ன சொன்னார்கள் என்று அடுத்த வாரம் விசாரிக்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளரை மாணவர்கள் "டீச்சர்" என்று அழைத்து, அவரிடம் கற்றுக்கொள்ளும் மனதோடு போகட்டும். எந்த வீட்டில் அப்பா வேலைக்குப் போவதில்லை, எந்த அம்மா மறுபடி கர்ப்பம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

படி 7: மறுக்கக் கற்றுக்கொள்ளுங்கள், கோப்பை ஒழுங்காக வையுங்கள்

வெள்ளிக்கிழமை மாலை அரை மணி நேரம். அந்த வாரம் செய்ததை ஒரே கோப்பில் சேருங்கள்: நடத்திய வகுப்பு, வார்டு நாள், சேர்ந்த தரவு, அங்கன்வாடிப் பதிவு. ஆண்டு மதிப்பீடு வரும்போது இரவு கண் விழிக்க வேண்டியிருக்காது. புதிய குழு, புதிய விழா என்று வேலை வரும்போது, உங்கள் கேள்விக்கு அது உதவுகிறதா என்று பாருங்கள். உலக தாய்ப்பால் வாரமும் நவம்பரில் வரும் தேசிய பச்சிளம் குழந்தைகள் வாரமும் உதவும். கோலப்போட்டி நடுவர் பொறுப்பை வேறு ஒருவர் ஏற்கலாம். முதல்வரிடம் "இதைச் செய்ய வேண்டுமென்றால் எதை விடட்டும் மேடம்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்த முடிவை அவர் எடுக்கட்டும்.

படி 8: குழந்தை இறந்த நாளில்

இதை எந்தப் பணிப்பட்டியலிலும் எழுத முடியாது. ஆனால் குழந்தைகள் வார்டில் வேலை செய்யும் எவருக்கும் அந்த நாள் வரும். மாணவி ஒருத்தி மூன்று நாள் பார்த்துக்கொண்ட குழந்தை நான்காம் நாள் காலையில் இருக்காது. கட்டில் துடைக்கப்பட்டு, புது விரிப்பு போட்டிருக்கும். அந்த மாணவியை அடுத்த கட்டிலுக்குப் பராமரிப்புத் திட்டம் எழுத அனுப்பாதீர்கள்.

நான் செய்வதைச் சொல்கிறேன். அன்றைய வகுப்பை நிறுத்திவிட்டு, சின்ன அறையில் எல்லோரும் உட்கார்வோம். முதலில் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசுவோம்: எதற்குச் சிரித்தது, எந்தப் பொம்மையை விடவில்லை. பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லி, எதில் நம் கை இருந்தது, எதில் இல்லை என்று பிரித்துப் பார்ப்போம். அழுபவர்கள் அழலாம். நானும் அழுதிருக்கிறேன். இரண்டு நாள் கழித்து அந்த மாணவியைத் தனியாகக் கூப்பிட்டு, தூங்கினாளா, சாப்பிட்டாளா என்று கேட்பேன். உங்களுக்கும் அப்படிக் கேட்க ஒரு சக ஆசிரியர் வேண்டும். அவர் யார் என்பதை இப்போதே பேசி வையுங்கள்.

படி 9: நோட்டை ஒப்படையுங்கள்

நீங்கள் விடுப்பில் போகலாம், பி.எச்டி.க்குப் போகலாம், வேறு ஊருக்கு மாற்றலாகலாம். கேள்வி உங்களோடு போய்விடக்கூடாது. பதிவேட்டின் முதல் பக்கத்தில், அது ஏன் தொடங்கப்பட்டது, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன எழுத வேண்டும், சந்தேகம் வந்தால் எதை எப்படிக் குறிக்க வேண்டும் என்று தமிழில் தெளிவாக எழுதி வையுங்கள். ஓர் இளம் ஆசிரியரையும் வார்டில் ஒரு சிஸ்டரையும் உடன் சேர்த்துக்கொண்டு, ஒரு மாதம் அவர்கள் நிரப்ப, நீங்கள் சரிபாருங்கள்.

எங்கள் நோட்டில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது. இன்சார்ஜ் சிஸ்டரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுச் சேர்த்தார்: "வீக்கத்தைப் பார்த்தால் சொல்லும்படி அம்மாவிடம் சொன்னோமா?" ஒவ்வொரு கேனுலாவுக்கும் அந்தக் கட்டத்தில் நேரமும் கையொப்பமும் இருக்க வேண்டும்.